முடிவைச் சொல்லக் கூடாது

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கு ஒழுகுவதைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தான் சுகம்தானே?

போனில் பாதி சொன்னேன், அதற்குள் அத்தானுக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரோடு பேச்சு முடிந்தது. ஜூனில் கல்யாணம். பெரியப்பா வந்து உட்கார்ந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். அப்பா அம்மா இல்லாத வீட்டில் மாப்பிள்ளைக்கு மார்க் போட வேண்டியது நீதான். நீயோ ஆறு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் அவரோடு இரண்டு படம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலாவது பேய்ப் படம். வாடகை தராமல் ஓடுகிறவர்களைப் பிடித்து ஆட்டும் வீட்டுக்காரப் பேய். குழாயைத் திறந்து போட்டால் அதற்கு இன்னும் கோபம் வருகிறது. கதை சுமார், சத்தம் காதைக் கிழித்தது. நம்மவர் படம் முழுக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "கண்ணாடி இல்லேன்னா பேய் மங்கலா தெரியும், பயம் பாதியா குறைஞ்சிடும்" என்கிறார். தொழிலை இப்படியும் பயன்படுத்தலாம் போல.

இரண்டாவது, வக்கீல் படம். ஊரே நல்லவன் என்று சொல்லும் கணவன்மேல் மனைவி வழக்குப் போடுகிறாள். எனக்குப் பொறுமை போதவில்லை. அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம் சட்டப்படி முடிவைச் சொல்லமாட்டேன். ஹாஸ்டலில் நாம் போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? படத்தைப் பற்றி வாயால் பேசினால் சண்டை வரும், எழுதத்தான் வேண்டும்; பார்க்காதவளுக்கு முடிவைச் சொல்லவே கூடாது. நீயும் பார்த்துவிட்டு எழுது.

உன்
வாலு


ஜனவரி 25

அன்புள்ள வாலுக்கு,

முதுகு தேவலை. உன் சளிக்கு ஆவி பிடி, மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடாதே.

வக்கீல் படம் இங்கேயும் வந்தது, பார்த்தேன். ஊர் அந்தக் கணவனை நம்புவதைச் சரியாக எடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், அவள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவனுக்காகச் சாட்சி சொல்கிறார்கள். ஆனால் ஓர் இடத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள். அவன் ஒருநாள் தட்டை எறிந்து கத்துகிறான். அப்படிப்பட்டவன் கத்தமாட்டான். தட்டைக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான். டைரக்டருக்கு அது தெரியவில்லை.

உன் கண்ணாடிக்காரரைப் பற்றி நீ சிரிக்கச் சிரிக்க எழுதுகிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்பதற்குப் பதில் எழுது. இரண்டு டிக்கெட்டையும் யார் வைத்திருந்தார்? உன்னைச் சுவர் ஓரமாக உட்கார வைத்தாரா? இடைவேளையில் நீ வெளியே போனபோது கூட வந்தாரா? படம் பிடித்ததா என்று கேட்டாரா, இல்லை எந்த இடத்தில் சிரித்தாய், ஏன் சிரித்தாய் என்று கேட்டாரா?

சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதே.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள போலீஸ் அக்காவுக்கு,

ஆவி பிடித்தேன், சளி போய்விட்டது. விசாரணைக்கு ஆஜராகிறேன்.

டிக்கெட் என் கைப்பையில் இருந்தது, அதையும் நான் தொலைத்துவிட்டேன். அவர் நடைபாதை ஓரமாகத்தான் உட்காருவார். அடிக்கடி பாத்ரூம் போகிற ஆசாமி. இடைவேளையில் நான் வெளியே போனபோது அவர் என் சோளப்பொரியைத் தின்று தீர்த்தார். இதற்கு என்ன தண்டனை என்று நீயே சொல்.

போன வாரம் நாய்ப் படம் பார்த்தோம். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், வேலை பார்த்த காலமெல்லாம் தன்னைத் துரத்திய நாயையே எடுத்து வளர்க்கிறார். முதல் பாதி வயிறு வலிக்கச் சிரிப்பு. இரண்டாம் பாதியில் நம்மவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். முன்வரிசைப் பையன் திரும்பித் திரும்பி இவரைப் பார்த்தான். எனக்கு மானம் போய்விட்டது. வெளியே வந்ததும், "நீங்க ஏன் அழலை?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார். தினமும் அத்தனை பேர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளுக்கு நாயைப் பார்த்து அழுகை வருமா?

ஒன்று கேட்க வேண்டும். அத்தானோடுதானே எல்லாப் படத்துக்கும் போகிறாய்? அவருக்கு எது பிடித்தது, எதற்குக் கொட்டாவி விட்டார் என்று ஒரு தடவைகூட நீ எழுதியதில்லையே. லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளருக்குப் படமெல்லாம் மேலேயும் கீழேயும் போய் வருகிற விஷயம்தானோ?

உன்
வாலு


மார்ச் 7

அன்புள்ள வாலுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்து நிம்மதி. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் பேய்ப் படத்தைப் பார்த்தேன். எனக்குப் பயமே வரவில்லை. அந்தப் பேய் வருவதற்கு முன்னால் ஜன்னல் ஆடுகிறது, விளக்கு அணைகிறது, நாய் ஊளையிடுகிறது. அவ்வளவு முன்னறிவிப்புக் கொடுக்கிற பேயோடு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தலாம். பயம் என்பது செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் கதவைத் திறந்து, நாம் அடுப்படியில் முணுமுணுக்கிற பாட்டு முடியும்வரை பின்னால் நின்று கேட்டுவிட்டு, யார் சொல்லிக் கொடுத்த பாட்டு என்று கேட்பது. அதைப் படமாக எடுத்தால் யாரும் டிக்கெட் வாங்கமாட்டார்கள்.

அத்தானைப் பற்றிக் கேட்டிருந்தாய். படத்தில் அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. தியேட்டரில் அவர் திரையைப் பார்ப்பது குறைவு.

கல்யாணத்தைத் தள்ளிப் போடு. ஒரு வருஷம் போகட்டும். முதல் வருஷம் எல்லோரும் அழுவார்கள், சிரிப்பார்கள், பொரி தின்பார்கள். உன் சம்பளத்தை உன் கையிலேயே வைத்துக்கொள். உன் சிநேகிதிகளில் ஒருத்தியைப் பற்றி அவர் முதல் குறை சொல்லும் நாளில் எனக்கு எழுது. நான் பொறாமையில் சொல்வதாக நினைக்காதே, கண்ணே.

அன்புடன்
அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்பது இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காக இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. போய்க் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்று அவரிடம் சொன்னேன். காரணம் கேட்டார். எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும். உன் இரண்டு கடிதங்களையும் அவர் மேஜையில் வைத்தேன். அது துரோகம்தான், திட்டிக்கொள்.

கடையில் யாரும் இல்லை. லென்ஸ் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டையும் படித்தார். அவர் கோபப்படுவார், அதைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இது என்னைப் பத்தி இல்லீங்க" என்றார்.

"பின்ன யாரைப் பத்தி?"

"உங்க அக்கா என்னைப் பார்த்ததே கிடையாது. ஆனா இதுல தட்டைக் கழுவி வைக்கிற ஆளைத் தினம் பார்த்திருக்காங்க. எனக்காகக் கல்யாணத்தைத் தள்ள வேண்டாம்னு சொல்லலை, தள்ளுங்க. முதல்ல அவங்க கையைப் பாருங்க."

ஆறு வருஷமாக என் கண்ணுக்கு என்ன வந்தது? வழுக்கி விழுந்தவர் கையும் எனக்குத் தெரியும், யாரோ பிடித்துத் திருகின கையும் தெரியும். இரண்டு பேருமே ரத்தம் கொடுக்க என் முன்னால் கையை நீட்டி, கேட்காமலே காரணம் சொல்வார்கள்.

நேராகக் கேட்கிறேன். அத்தானா?

ஆம் என்று ஒரு வார்த்தை எழுது, போதும். இல்லாவிட்டால் எதுவும் எழுதாமல் கிளம்பி வா. என் அறை சின்னதுதான், இரண்டு பேர் படுக்கலாம்.

உன்
வாலு


ஏப்ரல் 10

அன்புள்ள தங்கைக்கு,

நானும் அத்தானும் நலமாக இருக்கிறோம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். என் கை முழுவதும் குணமாகிவிட்டது.

உன் கடிதத்தில் இருந்த கேள்வி எனக்குப் புரியவில்லை. படங்களை அதிகம் பார்ப்பதால் உனக்கு வேண்டாத கற்பனைகள் வருகின்றன. அத்தான் தங்கமான மனிதர். அவர் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. குடும்ப விஷயங்களை வெளி ஆட்களிடம் காட்டுவது நல்ல பழக்கம் அல்ல.

சென்ற வாரம் கல்யாண வீட்டைப் பற்றிய நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்த்தோம். குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த நல்ல படம். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மூத்த மருமகள், கடைசிக் காட்சியில் தன் தவறை உணர்ந்து, பெட்டியோடு திரும்பி வந்து மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நீயும் அவசியம் பார்க்க வேண்டும்.

இங்கே தபால்கள் அடிக்கடி தவறிப் போகின்றன. ஆகவே இனிமேல் உன் கடிதங்களை அத்தானின் ஆபீஸ் முகவரிக்கே அனுப்பு.

இப்படிக்கு
உன் அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று படித்தேன். சந்தோஷம். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். நான் கன்னாபின்னாவென்று எழுதிவிட்டேன். வேலை அதிகம், தூக்கம் இல்லை, புத்தி கலங்கிவிட்டது. அத்தான் பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும்.

கல்யாண வீட்டுப் படத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும். முடிவு தெரிந்துவிட்டதால் நிதானமாகப் பார்ப்பேன்.

நான் இப்போது படகுத்துறைப் படம் பார்த்தேன். உங்கள் ஊருக்கும் வருமாம். ஒருத்தி படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறாள். காலையில் புருஷன் கொண்டுவந்து விடுவான், சாயங்காலம் வந்து அழைத்துப் போவான். எத்தனையோ பேரை அக்கரைக்கு ஏற்றி அனுப்பியவள், தான் ஒருநாளும் போனதில்லை. இடைவேளை வரை இதுதான். ஒருநாள் கயிற்றை அவிழ்க்கிற நேரத்தில், டிக்கெட் கட்டை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் படகில் ஏறிவிடுகிறாள். பிறகு புருஷன் தினமும் துறையில் வந்து ஒவ்வொரு படகாகப் பார்த்து நிற்கிறான். மழை வருகிறது, குடை இல்லாமல் நிற்கிறான். அக்கரையில் அவள் ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேருகிறாள். ஒருநாள் கடை வாசலில் அவன் வந்து நிற்கிறான். அதற்குமேல் சொல்லமாட்டேன். மெதுவாகப் போகிற படம். எனக்கு இந்த வருஷம் பார்த்ததிலேயே இதுதான் பிடித்தது. நீ கட்டாயம் பார்.

மற்றபடி இங்கே எல்லாம் அப்படியே. கல்யாணத் தேதி இன்னும் முடிவாகவில்லை.

உன்
வாலு


மே 3

வாலு,

இதை எங்கள் தெருத் தையல்கடைப் பெண் மூலமாக அனுப்புகிறேன். உடம்பைப் பற்றி எழுத நேரமில்லை.

நீ மார்ச்சில் கேட்டதற்குப் பதில், ஆம். அந்த ஏப்ரல் கடிதத்தில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிவை எழுதச் சொன்னபோது, இதைப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டாய்.

உன் படகுத்துறைக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு தடவை. வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படம் இங்கே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவராகவே சொன்னார். நான் ஆசைப்பட்ட படத்துக்கு அவர் கூட்டிப் போனதே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது.

இடைவேளையில் பெண்கள் பக்கமாக வெளியே வந்துவிடுவேன். என் பை தையல்கடையில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் உங்கள் ஊர் பஸ் நிலையத்தில் நில். பதில் எழுதாதே.

அந்தப் படத்தின் முடிவு எனக்குத் தெரியப் போவதில்லை. நேரில் நீ சொல். சட்டத்தை ஒரு தடவை மீறலாம்.

அக்கா


மே 11

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன். நான் நலமே. வீட்டுச் சாப்பாடு இல்லாததால் வயிறு சற்று மந்தம்.

ஒரு வருத்தமான செய்தி. வெள்ளிக்கிழமை நீ சிபாரிசு செய்த படகுத்துறைப் படத்துக்கு உன் அக்காவை அழைத்துச் சென்றேன். இடைவேளையில் பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்து போனவள் இருக்கைக்குத் திரும்பவில்லை. சிநேகிதிகள் யாரையாவது பார்த்திருப்பாள், வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நான் பதறுகிற ஆள் இல்லை. உட்கார்ந்து படத்தைக் கடைசி வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியே இருந்தது.

நல்ல படம்தான். புருஷன் மழையில் குடையில்லாமல் நிற்கும் இடம் மனதைத் தொட்டது. அவன் அக்கரைக்குப் போய்ச் சலவைக் கடை வாசலில் நிற்பதும், அவள் அழுதுகொண்டே அவன் பின்னால் கடைசிப் படகில் ஏறி வருவதும், அவன் ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் வீட்டுக் கதவைத் திறந்து விடுவதும் மிகவும் நன்றாக எடுத்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் கடைசிக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் உன்னிடம்தான் இருக்க வேண்டும். எனக்குக் கோபம் இல்லை என்று சொல். ஒருவேளை உன்னிடம் வரவில்லை என்றால் உடனே தெரிவி. போலீசில் சொல்ல வேண்டியிருக்கும். அவர்கள் கேட்டால், நான் படம் முடியும்வரை தியேட்டரில் இருந்தேன் என்பதற்கு இந்தக் கடிதமே போதும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
அத்தான்


மே 14

அத்தானுக்கு,

உங்கள் வயிற்றுமந்தம் குணமாகியிருக்கும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா என்னிடம் இல்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை நானும் கண்ணாடிக்காரரும் நின்றோம். இறங்கின ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்தோம். ஞாயிறும் நின்றோம். எங்கேயோ பயந்து ஒளிந்திருக்கிறாள், ஆள் பத்திரம், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு இருந்தேன். உங்கள் கடிதம் வந்து அதையும் எடுத்துக்கொண்டது.

படகுத்துறைப் படத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன். நீங்கள் எழுதியிருக்கிற முடிவு அதில் இல்லை. புருஷன் சலவைக் கடை வாசலில் நிற்கிறான், அதுவரை சரி. அதுவரைதான் நான் என் கடிதத்தில் எழுதியிருந்தேன். நான் எழுதின வரிசையிலேயே, குடை உட்பட, நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவன் வாசலில் நிற்கும்போது அவள் பின்பக்கமாகப் போய், மாடியறையில் கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்குகிறாள். ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது. அவள் தூங்குகிறாள், தூங்கிக்கொண்டே இருக்கிறாள், படம் முடிந்துவிடுகிறது. இரண்டு தடவையும் தியேட்டரில் விசில் அடித்துக் காசைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர்கூடக் கண்ணைத் துடைக்கவில்லை. அந்த முடிவைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள், திட்டுவதற்காகவாவது நினைவில் வைத்திருப்பார்கள்.

பார்க்காதவளுக்கு முடிவைச் சொல்வதில்லை என்பது எங்கள் இரண்டு பேரின் சட்டம். உங்களுக்கு அது தெரியாது. கிடைக்காத முடிவை உங்கள் மனதுக்குப் பிடித்த மாதிரி நீங்களே போட்டுக்கொண்டீர்கள்.

இடைவேளைக்குப் பிறகு நீங்கள் தியேட்டரில் இல்லை. அவள் பின்னால் எழுந்து போனீர்கள்.

தையல்கடைப் பெண்ணோடு பேசிவிட்டேன். பையை எடுக்க அக்கா வரவில்லையாம். உங்கள் கடிதத்தையும் அக்காவின் கடிதங்களையும் நான் எடுத்து வைத்திருந்த என் கடிதங்களின் நகலையும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். அவர் படத்தின் முடிவை என்னிடம் விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நாளைக் காலை அவரோடு உங்கள் வாசலுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, என் கையாலேயே கொடுப்பேன்.

இன்ஸ்பெக்டர் கேட்பதற்கு முன்னால் எனக்கு ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். அக்காவை என்ன செய்தீர்கள்?